பெரியவர்களின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நம் பிள்ளை

குரோய்டன் வைத்தியசாலையில் (2010இல் பெயர் மாறினாலும் நம்மவர் வாயில் இன்னும் 'மேடே'தான்) சிறுவர்களுக்கெனத் தனியான தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. கடும் மூச்சுத்திணறலோ நிற்காத வலிப்போ கண்ட பிள்ளையை முதல் சில மணி நேரம் அங்குள்ள குழந்தை வைத்தியர்களும் மயக்க மருந்து வைத்தியர்களும் சேர்ந்து பார்ப்பார்கள். பெரியவர்களின் பிரிவில் வைத்திருக்கவும் நேரலாம்.

"வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றப் போகிறோம்" என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்று பெற்றோர் கலங்குவதை நாங்கள் காண்கிறோம். பாதை மூடிக்கிடந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து நோயாளியை மேலே அனுப்ப வழியில்லாமல் தவித்தவர்கள் நாங்கள். மாற்ற ஓர் இடம் இருப்பதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

1990களில் இந்நாட்டிலும் பல பிள்ளைகள் பெரியவர்களின் பிரிவுகளிலேயே பராமரிக்கப்பட்டார்கள். 1997இல் வந்த தேசியத் திட்டத்தின் பின்னரே பெரிய சிறுவர் நிலையங்களில் அச்சேவை ஒன்றுசேர்க்கப்பட்டது. பிள்ளையின் சுவாசக்குழாய் ஒடுக்கமானது, மருந்தெல்லாம் நிறைக் கணக்கு. தினமும் செய்து பழகிய கை வேண்டும்.

தென் தேம்ஸ் குழுவினர் தொலைபேசியில் ஆலோசனை சொல்லி, அம்புலன்சில் வந்து, பிள்ளையின் நிலையைச் சீராக்கியபின் எவலினா, சென் ஜோர்ஜஸ் போன்ற இடங்களுக்குக் கொண்டுசெல்வார்கள். ஒருவர் கூடப் போகலாமா என்று கேளுங்கள். பிள்ளையின் நிறை, ஒவ்வாமை, எடுக்கும் மருந்துகளைச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் இலவசம், அந்த வேலையை மூத்த பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.