தேடுதலை நிறுத்து

2016 ஏப்ரலில் ஓர் இரவு, துபாய் தேராவில் நாங்கள் ஏழு பேர் தங்கியிருந்த அறைக்கு விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. "தம்பி, கவுண்டர்ல நிப்பாட்டிட்டாங்க. ஏதோ கேஸ் இருக்காம். ஊர்ல யார்ட்டயும் சொல்லிப்புடாதீங்க." பேசியவர் பரமக்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். ஒன்பது நாளில் மகளுக்குக் கல்யாணம். பெல்ட்டில் போய்விட்ட மூன்று அட்டைப் பெட்டிகளையும் திரும்ப இறக்கி எங்கள் கையில் கொடுத்தார்கள். அண்ணனை மட்டும் கொடுக்கவில்லை. அன்றிரவு அவர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார்.

அவர் யாரையும் ஏமாற்றியவர் இல்லை. முந்தைய கம்பெனியில் இருந்தபோது ஒரு கிரெடிட் கார்டு வாங்கியிருந்தார். 2014 கடைசியில் அந்தக் கம்பெனி மூடியது. கார்டில் 6,000 திர்ஹம் பாக்கி நின்றது. வேலையை விடும்போது வரும் சர்வீஸ் பணத்தில் வங்கி கழித்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதை நம்பினார். புது வேலை, புது விசா, புது சிம். பழைய நம்பருக்கு வங்கி அழைத்ததெல்லாம் காற்றோடு போயிற்று. கார்டு கொடுத்தபோது கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருந்த வெற்றுக் காசோலையில் வட்டியும் அபராதமும் சேர்த்து 21,000 என்று எழுதி வங்கி போட்டது. காசோலை திரும்பியது. போலீசில் புகார் போனது. அவர் பெயர் 'தஅமீம்' என்ற தேடல் அறிவிப்பில் ஏறிவிட்டது. மாதக்கணக்காக மெட்ரோவில் போனார், வெள்ளிக்கிழமைகளில் போலீஸ் வண்டிகளைத் தாண்டிச் சந்தைக்குப் போய் வந்தார். யாரும் கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்றுதான் கம்ப்யூட்டர் அவரை அடையாளம் கண்டது.

ஊரில் வாய்தாவுக்குப் போகாதவர் மேல் மாஜிஸ்திரேட் பிடிவாரண்ட் போடுவார். அதற்கு வளைகுடாவில் பல பெயர்கள்: அமீரகத்தில் 'பிளாக்', 'டிராவல் பேன்', சவுதியில் 'மத்லூப்'. சட்டத்தின் கண்ணில் இவை ஒன்றல்ல. காவல்துறையின் தேடல் வேறு, நீதிமன்றத்தின் பயணத்தடை வேறு, குடியேற்றத் துறையின் தடை வேறு, வேலைக்கு வராமல் ஓடிவிட்டார் என்று முதலாளி கொடுக்கும் 'அப்ஸ்காண்டிங்' புகார் வேறு. கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவருக்கு மட்டும் நான்கும் ஒரே சுவர். எந்தச் சுவர் என்று தெரியாமல் முட்டுவதால்தான் பாதிப் பணமும் பாதி நாளும் வீணாகின்றன என்று இத்தனை ஆண்டுகள் பார்த்தபின் உறுதியாகச் சொல்வேன்.

முதலில் எந்த எமிரேட் என்று பார்க்க வேண்டும். துபாய், அபுதாபி, ராஸ் அல் கைமா மூன்றுக்கும் சொந்த நீதிமன்ற அமைப்பு உண்டு. அஜ்மான், உம் அல் குவைன், புஜைரா மூன்றும் கூட்டாட்சி நீதிமன்றங்களின் கீழ் வருபவை, ஷார்ஜாவும் முன்பு அப்படித்தான். துபாயில் சுத்தமாக இருப்பவருக்கு, முன்பு குடியிருந்த ஷார்ஜாவில் வாடகைக் காசோலை ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். துபாய் காவல்துறையின் செயலியில் எமிரேட்ஸ் ஐடி எண்ணைப் போட்டால் பணம் சம்பந்தமான வழக்கு இருக்கிறதா என்று கட்டணமில்லாமல் சொல்லும். துபாய்க்கு மட்டும்தான் சொல்லும். அபுதாபி நீதித்துறையில் 'எஸ்தஃப்சர்' என்றொரு சேவை உண்டு. விசாவோடு வரும் யுனிஃபைட் நம்பர் அதற்கு வேண்டும். விசா, குடியேற்றச் சிக்கல் என்றால் துபாயில் 800 5111. அப்ஸ்காண்டிங் என்றால் தொழிலாளர் அமைச்சகம். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாதவருக்கு இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம், 800 46342, இரவிலும் எடுப்பார்கள்.

அண்ணன் விஷயத்தில் நடந்தது இது. மறுநாள் பாஸ்போர்ட்டை ஜாமீனாக வைத்துக்கொண்டு வெளியே விட்டார்கள். வங்கியோடு பேசி 14,000-க்கு ஒத்துக்கொள்ள வைத்தோம். அறையில் வசூல், பக்கத்து அறையில் வசூல், சீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்து கட்டியாயிற்று. கட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். முடியவில்லை. புகார் கொடுத்தவர் விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் 'தனாசுல்' கடிதம் வேண்டும். அது ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அங்கிருந்து அரசு வழக்குத் துறை. அங்கே வழக்கு மூடப்பட்டபின் 'கஃப் பஹ்ஸ்' என்றொரு காகிதம். தேடுதலை நிறுத்து என்று அர்த்தம். அது கணினியில் ஏறிய பிறகுதான் கவுண்டரில் வழி. ஒவ்வொரு படியிலும் ஒரு விடுமுறை நாளோ, ஒரு கையெழுத்தோ குறுக்கே வந்தது. மகள் கல்யாணத்தை அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இமோவில் பார்த்தார். தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை.

அதன் பிறகு சட்டம் நிறைய மாறியிருக்கிறது. துபாயில் 2017 இறுதியிலேயே 2 லட்சம் திர்ஹத்துக்கு உட்பட்ட காசோலைகளுக்குச் சிறைக்குப் பதில் அபராதம் என்று வந்தது. 2022 ஜனவரி 2 முதல் அமீரகம் முழுக்க, கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவது பொதுவாகக் குற்றமில்லை. காசோலையை எழுதிக் கொடுத்துவிட்டு வேண்டுமென்றே பணத்தை எடுத்துவிடுவது, பணம் கொடுக்காதே என்று வங்கியிடம் சொல்வது, கையெழுத்தை மாற்றிப் போடுவது போன்றவை இன்னும் குற்றம். மற்றபடி திரும்பிய காசோலையோடு கடன் கொடுத்தவர் நேரே நிறைவேற்று நீதிமன்றம் போகலாம். இதைக் கேட்டு "இனிமே கேஸே இல்லப்பா" என்று சொல்லித் திரிபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நிறைவேற்று நீதிபதி வங்கிக் கணக்கை முடக்கலாம், பயணத்தடை போடலாம். 10,000 திர்ஹமோ அதற்கு மேலோ கடன் இருந்தாலே பொதுவாகத் தடை கேட்க முடியும். நோட்டீஸ் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் வந்தாலே போதும். தூக்கிப் போட்ட சிம்முக்கு வந்த நோட்டீசும் நோட்டீஸ்தான்.

அட்லஸ் ராமச்சந்திரனை வளைகுடாத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குவைத்தில் வங்கி ஊழியராக இருந்து, நகைக்கடை வைத்து, விளம்பரத்தில் தானே வந்து நின்று வளைகுடா முழுக்கக் கடைகள் பரப்பியவர். காசோலை வழக்கில் 2015 ஆகஸ்ட்டில் துபாயில் கைதானார், 2018 ஜூனில் சிறையிலிருந்து வெளியே வந்தார். கடன் கணக்கு முடியாததால் கேரளம் திரும்ப முடியவில்லை. 2022 அக்டோபர் 2 அன்று துபாயிலேயே இறந்தார். அத்தனை பெரிய மனிதருக்கும், சிறைக்கதவு திறந்ததோடு நாட்டின் கதவு திறக்கவில்லை.

கூலிக்காரருக்கு வழக்கு வருவது பெரும்பாலும் வேறு வழியில். சவுதியில் 'ஹுரூப்' என்பார்கள், ஓடிப்போனவர் என்று கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கொடுக்கும் புகார். சம்பளம் கேட்டவர்மேல், வேறு வேலை தேடியவர்மேல், சில சமயம் வீட்டில் படுத்திருந்த நோயாளிமேலும் அது விழுந்திருக்கிறது. இக்காமா என்ற குடியிருப்பு அட்டையின் எண்ணை வைத்து இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம், பார்க்காதவர்கள்தான் அதிகம். 2017 மார்ச் 29 முதல் சவுதி கொடுத்த 90 நாள் பொதுமன்னிப்பில் ஹுரூப் விழுந்தவர்களும் தூதரகத்தில் அவுட்பாஸ் வாங்கி ஊர் வந்து சேர்ந்தார்கள். மத்லூப் விழுந்தவர்கள் வழக்கை முடிக்காமல் கிளம்ப முடியவில்லை. அமீரகத்தின் 2018, 2024 பொதுமன்னிப்புகளிலும் இதே கதை. விசா முடிந்து தங்கிய அபராதம் தள்ளுபடி ஆகும், அப்ஸ்காண்டிங்கும் போகும். கடன் போகாது, வழக்கும் போகாது.

அமீரகத்தில் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் காரணம் சொல்லாமல் வராவிட்டால் முதலாளி அப்ஸ்காண்டிங் போடலாம். அது பொய் என்றால் எதிர்க்க வழி உண்டு. மருத்துவமனைச் சீட்டு, விடுப்பு அனுமதி, அதற்கு முன்பே கொடுத்த சம்பளப் புகாரின் எண், இவற்றில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் அமைச்சகத்தில் ரத்து செய்ய வைக்கலாம். அதனால்தான் சம்பளம் நின்ற மாதமே புகார் கொடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். "வாஸ்தா (செல்வாக்கு) இருக்கு, 3,000 குடு, பேன் எடுத்துடறேன்" என்கிறவரிடம் கொடுத்த பணம் திரும்பியதை நான் பார்த்ததில்லை. டைப்பிங் சென்டரில் சில திர்ஹத்துக்கு அரபியில் மனு அடித்துத் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு தானே போய் நிற்பது மேல்.

போய் நிற்பதும் எல்லோருக்கும் எளிதில்லை. தாயின் இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியாத தமிழகத் தொழிலாளி ஒருவர், ஊர் திரும்ப அனுமதி கேட்டு துபாயின் சோனாப்பூரிலிருந்து கராமாவில் இருந்த தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நடந்தே போய் வந்தார். பஸ்ஸுக்குக் காசில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக மட்டும் 20 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் அந்த வெயிலில். இரண்டு ஆண்டில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறார் என்று 2016-இல் செய்தி வந்த பிறகுதான் வெளியுறவு அமைச்சகம் தலையிட்டு அவரை ஊருக்கு அழைத்து வந்தது. செய்தியில் வராதவர்கள் எத்தனை பேர் அதே சாலையில் நடந்தார்களோ.

ஊருக்கு ஓடி வந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்ற எண்ணமும் பழையதாகிவிட்டது. 2020 ஜனவரி 17 அறிவிக்கையின்படி அமீரக நீதிமன்றங்களின் சிவில் தீர்ப்புகளை இந்தியாவின் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். துபாய்க் கடனுக்காக ராமநாதபுரத்து வீட்டின்மேல் கை வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

எதிர்த் திசையிலும் இந்த வலை உண்டு. வரப்புத் தகராறு, பைக் விபத்து, காசோலை வழக்கு, குடும்பநல வழக்கு இவற்றில் ஒன்றை ஊரில் விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் நம்மில் ஏராளம். வாய்தா தவறும், பிடிவாரண்ட் விழும். பாஸ்போர்ட் புதுப்பிக்கத் துணைத் தூதரகத்தில் கொடுத்தால் ஊர்ப் போலீஸ் அறிக்கையில் அது வெளியே வரும். லுக்அவுட் சுற்றறிக்கை இருந்தால் சென்னை விமான நிலையத்தில் பிடித்து நிறுத்துவார்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் பெயரையும் போட்டால் வழக்கின் நிலை தெரியும். வாரண்ட் இருந்தால் வக்கீல் மூலம் ரீகால் மனு போட்டு, பெரும்பாலும் நேரில் நின்று ரத்து செய்துகொள்ள வேண்டும். விடுமுறையின் முதல் வாரத்திலேயே அதற்குப் போனால் திரும்பும் டிக்கெட் தப்பும். வழக்கு நிலுவையில் இருப்பவர் பாஸ்போர்ட் பெற நீதிமன்ற அனுமதி வாங்கலாம் என்று 1993-இலேயே அறிவிக்கை இருக்கிறது. அதைச் சொல்லித் தராத வக்கீல்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அண்ணன் அந்த ஆண்டு ஆடியில் ஊருக்குப் போனார். கல்யாணச் சீரோடு கட்டிய அதே மூன்று பெட்டிகள். இந்த முறை நாங்கள் நான்கு பேர் கூடப் போய், அவர் உள்ளே மறைந்தபின்னும் வெளியே நின்றோம். "முத்திரை குத்திட்டாங்க தம்பி" என்று போன் வந்ததும் டாக்சி பிடித்தோம். கஃப் பஹ்ஸ் காகிதத்தை லேமினேட் செய்து பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார், இன்றும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. முத்திரை எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும்.