பிளாஸ்டிக் உறையும் உணவுச் சரக்கும்: வணிகர் அறிய வேண்டியவை

நம் மளிகைக் கடைகளில் புளி ஓலைப்பெட்டியிலும், எண்ணெய் தகர டின்னிலும், ஊறுகாய் பீங்கான் ஜாடியிலும் இருந்த காலம் உண்டு. இன்று உப்பு முதல் நெய் வரை பிளாஸ்டிக்கில் வந்து பிளாஸ்டிக்கிலேயே போகின்றன. எடை குறைவு, ஒழுகல் இல்லை, சேதாரமும் குறைவு. வியாபாரத்துக்கு அது செய்துள்ள உதவியை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் உறையிலுள்ள ரசாயனம் சிறிது சிறிதாகச் சரக்கில் இறங்குகிறது. எவ்வளவு இறங்கும் என்பது, சரக்கை வைத்திருக்கும் நம்மையும் பொறுத்தது.

இறங்குவது எது?

பிளாஸ்டிக் ஒரே பொருள் அன்று. வளைந்து கொடுக்கவும், நிறம் பெறவும், வெயிலைத் தாங்கவும் அதில் பல ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. பி.வி.சி.யை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் அதனுடன் பிணையாமல் வெறுமனே கலந்திருப்பதால் எளிதில் கசிகின்றன. பாலிகார்பனேட் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் பிஸ்பினால் ஏ என்ற பொருளால் செய்யப்படுவது. 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் ஒரு வகை இதுவே. சாதாரணத் தண்ணீர் பாட்டில் பெட் வகை; அதில் பிஸ்பினால் ஏ சேர்ப்பதில்லை. ஆனால் அதன் தயாரிப்பில் பயன்படும் ஆன்டிமனி, சூடு ஏறினால் தண்ணீரில் கூடுதலாக இறங்கும்.

பிஸ்பினால் ஏ, தாலேட்டுகள் இரண்டும் உடலின் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடியவை. கருவிலுள்ள சிசுவையும் கைக்குழந்தையையும் பற்றியே மருத்துவ உலகின் கவலை அதிகம். ஒரு நாள் உண்டால் வாந்தி மயக்கம் வராது. தினமும் சிறிதளவு உள்ளே போய்க்கொண்டிருப்பதே கேடு.

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் குழந்தைகளின் பால்புட்டிகளில் பிஸ்பினால் ஏ கூடாது என்றது. 2023இல் அதன் உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஒருவர் தினமும் உட்கொள்ளத்தக்க அளவை 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பொருள்களிலேயே அதற்குத் தடை விதித்து, மாறிக்கொள்ள அவகாசமும் தந்தது.

எப்போது அதிகம் இறங்கும்?

சூடு, எண்ணெய்ப் பசை, புளிப்பு, நாள்கணக்கு ஆகிய நான்கும் கசிவைக் கூட்டுகின்றன. பருப்பும் அரிசியும் உலர்ந்த சரக்கு; கசிவு குறைவு. நெய், ஊறுகாய், கொதிக்கும் சாம்பார் ஆகியவற்றில்தான் கவனம் தேவை.

சட்டம் சொல்வது

இந்தியாவின் 2018ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகளின்படி, பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு கிலோ உணவில் 60 மில்லிகிராமுக்கு மேல் எதுவும் இறங்கக் கூடாது. சாயம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவே கூடாது. செய்தித்தாளில் உணவைச் சுற்றுவதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. ஆகவே கவருக்குப் பதில் பழைய பேப்பர் என்பது வழியாகாது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூச்சுள்ள கப் முதலியவற்றுக்குத் தடை உள்ளதை நாம் அறிவோம்.

நாம் செய்யக்கூடியவை

1. தண்ணீர், குளிர்பானப் பெட்டிகளைக் கடை வாசலில் வெயிலில் அடுக்க வேண்டாம். லாரியிலிருந்து இறக்கியதும் நிழலுக்கு மாற்றுங்கள். தகரக் கூரை குடோனில் காற்றோட்டம் வேண்டும்.

2. நெய், ஊறுகாய், தயிர் ஆகியவற்றைச் சில்லறையாக விற்பவர்கள் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் பாத்திரங்களில் வையுங்கள். வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வருபவருக்கு முகம் சுளிக்காமல் அளந்து கொடுங்கள்.

3. முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும்.

4. பெயிண்ட், ரசாயனம் வந்த டப்பாக்களில் உணவுப் பொருளை ஒருபோதும் கொட்ட வேண்டாம்.

5. கவர், டப்பா கொள்முதலில் விலையை மட்டும் பார்க்காமல், உணவுத் தரத்துக்கான சான்றையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். வாடை அடிப்பதையும், சாயம் ஒட்டுவதையும் திருப்பி அனுப்புங்கள்.

6. கீறல் விழுந்து மங்கிய தண்ணீர் கேன்களை வாடிக்கையாளருக்குக் கொடுக்காமல் நிறுவனத்துக்கே திருப்புங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவு இல்லை. கலப்படமற்ற சரக்கைத் தேடிக் கொள்முதல் செய்கிறோம். அதே சரக்கு நம் வாசல் வெயிலில் கெட்டு ஒரு குழந்தையின் வாய்க்குப் போனால், அந்தப் பொறுப்பை உற்பத்தியாளர் மீது மட்டும் போட்டுவிட முடியாது. நிழலில் வைப்பதும் வணிக நாணயத்தில் சேர்ந்ததே.