மருதமுனை: தறியும் தமிழும்



ஒரு தொழிலைப் பற்றிக்கொண்டு ஊராகிய ஊர்கள் உலகெங்கும் உள. மாட்டுப் பட்டியால் ஊரானவை, உப்பளத்தால் ஊரானவை, சுரங்கத்தால் ஊரானவை என்று அவை பலவகை. எங்கள் கிழக்குக் கரையில் தறியால் பெயர்பெற்ற ஊர் மருதமுனை. அவ்வூரைப் பற்றி நான் இன்று பேச வந்ததற்கு ஒரு சொல் காரணம். அச்சொல்லின் பொருள் எனக்குச் சரியாகத் தெரியாமற் போனதே காரணம் என்று சொன்னால் இன்னும் பொருந்தும்.

கல்முனைப் பக்கத்தில் இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். அண்மையில் உயர்தர வகுப்பிலே நன்னூலின் பொதுப்பாயிரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். நூல் என்னும் பெயர் புத்தகத்துக்கு எப்படி வந்தது என்று கூறும் இடத்தில் பவணந்தி முனிவர் அழகிய உருவகம் ஒன்றைச் செய்கின்றார். சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவனுடைய வாய் அவளுடைய கை, அவனுடைய அறிவு கதிர். இவ்வளவும் கூடினால் நூல் முடியும் என்பது சூத்திரத்தின் கருத்து. (புலவனைப் பெண்ணாக்கிப் பார்க்க இலக்கணகாரர் ஒருவருக்குத் தோன்றியதே என்று எனக்கு எப்போதும் ஒரு வியப்பு.)

"சேர், கதிர் எண்டா என்ன?" என்று ஒரு மாணவி கேட்டாள். நெற்கதிர் என்றான் பின்வாங்கில் இருந்தவன். வயல் சூழ்ந்த ஊர்ப் பிள்ளை வேறு என்ன சொல்வான்? சூரியனுடைய கதிர் என்றான் மற்றொருவன். "நூல் நூற்கும் கருவி" என்று உரையில் உள்ளதை நான் ஒப்புவித்தேன். அது எப்படி இருக்கும் என்று அவள் மறுபடியும் கேட்டாள். நான் அதனைக் கண்டதில்லை. பாண்டிருப்பிலே பிறந்து, நாற்பது வயது கடந்து, இரண்டு மைல் வடக்கே தறியூரை வைத்துக்கொண்டு கண்டதில்லை என்பது வெட்கமான சங்கதி. அடுத்த சனிக்கிழமை நான்கு மாணவர்களோடு மருதமுனைக்குப் போனேன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வரும் பஸ்ஸிலே பெரியநீலாவணையைக் கடந்தால் மருதமுனை. மருதமுனையைக் கடந்தால் பாண்டிருப்பு. வீதிக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலே நெருக்கமான வளவுகளும் ஒழுங்கைகளும். மருத மரம் நின்ற முனை ஆதலால் மருதமுனை என்று ஊரார் பெயர்க்காரணம் சொல்வர். திணை இலக்கணம் படித்தவனுக்கு இன்னொன்றும் தோன்றும். பெயரிலே மருதம் இருக்கிறது; கால் வைத்தால் நெய்தல் மணல். இரண்டுக்கும் நடுவே, தொல்காப்பியம் நிலம் ஒதுக்காத ஒரு தொழில் குடியிருக்கிறது.

போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் 1626 ஆம் ஆண்டளவில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான் என்று பாதிரியார் குவேறோஸ் எழுதிவைத்துள்ளார். அதற்கு முன்பும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். வந்தவர்களும் இருந்தவர்களும் இம்மண்ணின் வழக்கங்களைத் தமதாக்கிக்கொண்டனர். அவற்றுள் முதன்மையானது தாய்வழிக் குடிமுறை. தமிழரைப் போலவே இக்கரை முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியாகவே எண்ணுவர். வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தறி நின்றது வீட்டோடு. வீடோ பெண்ணுடையது. ஆகவே மருதமுனையின் நெசவைப் பற்றிப் பேசுவோர், தறியில் இருந்த ஆணை மட்டும் பார்த்துவிட்டு, நூல் சுற்றியவளையும் தறி நின்ற நிலத்துக்குரியவளையும் மறந்துவிடலாகாது.

நாங்கள் போன வீட்டிலும் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர் அவ்வீட்டு உம்மாதான். அவருடைய கணவர் எழுபதைக் கடந்தவர். காக்கா என்றே நான் அழைத்தேன். "வாங்க சேர், இரிங்க. பொடியனுகளையும் கூட்டி வந்திரிக்கிங்க" என்று வரவேற்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து போய் உம்மாவின் இராட்டினத்தைக் காட்டினார். பெரிய சக்கரம் ஒன்று. அதிலிருந்து ஒரு கயிறு போய், சிறு இரும்புக் கம்பி ஒன்றைச் சுழற்றுகிறது. விரல் நீளம், நுனி கூர்மை. "இதுதான் சேர் கதிரு." சக்கரம் ஒருமுறை சுற்ற, கம்பி பலமுறை சுற்றிவிடுகிறது. அறிவுக்கு இதனை ஏன் உவமித்தார் என்பது அந்தக் கணத்திலே மாணவருக்கு விளங்கிற்று. எனக்கும்தான்.

சூத்திரத்தின் கருத்தை முழுவதும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது நூக்கிற வேலையெல்லுவா சேர்? நாங்க நூக்கிறல்ல. நூல் கப்பல்ல வருகுது. அப்ப அந்தப் புலவரு நூலோட நிப்பாட்டிட்டாரா? புடவ நெய்யல்லியா?"

அது நியாயமான கேள்வி. பவணந்தியார் நின்ற இடத்திலிருந்துதான் மருதமுனையின் வேலை தொடங்குகிறது.

அவ்வேலையைச் சற்று விளக்க விரும்புகின்றேன். ஏனெனில், "கைத்தறி" என்று ஒரு சொல்லாற் கடந்துபோகும் நமக்கு அதன் பாடு தெரிவதில்லை. நூலுக்கு நம்பர் உண்டு. 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை வருமோ, அதுவே நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூலென்றால் ஓர் இறாத்தலில் 33,600 யார், ஏறக்குறைய 19 மைல். கழியை நனைத்துச் சாயமிட்டு உலர்த்த வேண்டும். பின்னர் சுற்ற வேண்டும். அதன்பின் நீளவாட்டு இழைகளை நிறம் பிசகாமல் அடுக்கிப் பாவு ஓட வேண்டும். ஒரு சாறனின் அகலத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாவிழைகள். ஒவ்வொன்றையும் விழுதினூடாகவும் அச்சினூடாகவும் கையாலே கோக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகுதான் நெசவாளி தறியில் இருக்கிறார். ஒரு மிதியை அழுத்தினால் பாவிழைகளிற் பாதி மேலெழும், பாதி கீழிறங்கும். நடுவே நாடா ஓடும். அச்சு வந்து ஊடையை இறுக்கும். மற்ற மிதியை அழுத்தினால் மேலும் கீழும் மாறும். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால் இரண்டு யார் சாறனுக்கு நாடா 4,320 தடவை ஓட வேண்டும். கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் முறையை இங்கிலாந்தில் ஜோன் கே என்பவர் 1733 இல் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு கையாலேயே எறிந்து பிடித்தார்கள்.

கட்டம் போட்ட சாறனிலே நிறத்தின் கணக்கு பாவிலும் ஊடையிலும் ஒத்துவர வேண்டும். அந்தக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. காக்காவிடம் கேட்டேன், நெற்றியைத் தொட்டுக் காட்டினார். தமிழ்நாட்டிலே மேலப்பாளையம் இத்தகைய முஸ்லிம் நெசவூர். பழவேற்காட்டுக் கட்டத்துணி அவ்வூரின் பெயரையே தாங்கித் தென்கிழக்காசியாவெங்கும் போயிற்று. கடற்கரை முஸ்லிம்களுக்கும் கட்டம் போட்ட துணிக்கும் உள்ள உறவு பழையது, பரந்தது.

இவ்வூரின் ஏற்றமும் இறக்கமும் நாட்டின் வரலாற்றோடு பின்னியவை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் நாட்டின் கைத்தறிக்கு நல்ல கிராக்கி. 1977 இன் பிற்பகுதியிலே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுப் புடவை மலிவாக வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓயத் தொடங்கின. மறுவருடம் நவம்பர் 23 ஆம் திகதி இரவு சூறாவளி வந்தது. அதன் பின்னர் 1985, 1990.

இந்த ஆண்டுகளைப் பற்றி எழுதாமல் விடுவது எளிது. ஆயினும் விட மனமில்லை. எனது முதலாவது சாறன் மருதமுனைச் சாறன். அம்மா நடந்துபோய், தறி வீட்டிலேயே பேரம் பேசி வாங்கி வந்தது. 1990 ஜூனுக்குப் பின்னர் அந்த இரண்டு மைல் நெடுந்தூரமாயிற்று. இரு பக்கத்திலும் இறந்தவர்கள் இருந்தனர். இரு பக்கத்திலும் கதைகள் இருந்தன. அம்மா மருதமுனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பெட்டியிலே இருந்த மருதமுனைச் சாரியை எறியவுமில்லை, உடுக்கவுமில்லை. பின்னொரு நாளில் அதனை மீண்டும் உடுத்திருந்தார். எப்போது என்று எனக்கு நினைவில்லை. அத்தகைய நாட்களை யாரும் குறித்துவைப்பதில்லை. ஆனால், நானோ பஸ் யன்னலாலே அவ்வூரைப் பார்த்தபடி போய்வரப் பழகிவிட்டேன்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் வந்தபோது இரண்டு ஊர்களையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. மருதமுனையின் கரையோர வளவுகளில் மனிதரோடு தறிகளும் போயின. கரையிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று பின்னர் விதிக்கப்பட்டது. அந்த எண்ணே மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. "மகள்ட புது வீட்டுல எல்லாம் இரிக்கி சேர், தறி வெக்கத்தான் இடமில்ல" என்றார் காக்கா. 2022 இலே டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது, கப்பலில் வரும் நூலுக்கும் சாயத்துக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நேயர்களே கணித்துக்கொள்ளலாம்.

இனி, தமிழுக்கு வருவோம். இச்சிற்றூர் தந்த எழுத்தாளர் தொகை ஊரின் அளவுக்கு மிஞ்சியது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் 'நபிமொழி நாற்பது' பாடிய மரபுக் கவிஞர். அவருடைய மைந்தர் ஜின்னாஹ் ஷரிபுத்தீன் வைத்தியர். 'மஹ்ஜபீன் காவியம்' முதலிய காவியங்களை இக்காலத்திலே துணிந்து இயற்றியவர். சிறுகதையில் மருதூர்க்கொத்தன், கொத்தன் என்ற கைவினைஞன் பெயரை ஊர்ப்பெயரோடு சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டவர். கவிதையில் மருதூர்க்கனி. ஒழுங்கைக்கு அப்பாலே பெரியநீலாவணையில் நீலாவணன். வயல் வேலையைப் பாடிய அவரது 'வேளாண்மை'க் காவியம் 1975 இல் அவர் மறைந்த பின்னரே நூலாயிற்று. வயலுக்கு அப்படி ஒரு காவியம் வாய்த்தது. தறிக்கு அதுபோல ஒன்றை நான் இன்னும் படித்ததில்லை.

நெசவும் கவியும் சேர்ந்திருப்பது இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. காசியிலே கபீர் நெசவாளி. ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி என்னும் நெசவூரிலே ரொபர்ட் டானஹில் தறியில் இருந்தபடியே பாட்டுக் கட்டியவர் என்பர். கையும் காலும் ஒரே தாளத்தில் இயங்க வாய் சும்மா இருப்பதால் பாட்டு வந்தது என்று ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. எனக்கு அது முழுதும் உடன்பாடன்று. அப்படியானால் உரல் இடிப்போர் யாவரும் புலவராயிருக்க வேண்டும். ஆனால் வெண்பாப் பாடுகிறவருக்கும் கட்டச் சாறன் நெய்கிறவருக்கும் ஒரு பழக்கம் பொதுவானது. தளை ஓரிடத்திலே தட்டினால் இருவரும் அவிழ்த்துத் திருத்துவர்; யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விடமாட்டார்கள். காக்கா எங்களோடு பேசிக்கொண்டிருக்கையில் நெய்து முடித்த நாலு விரற்கிடையை ஊடை ஊடையாகப் பிரித்தார். ஒரு நிறம் இரண்டு இழை கூடிவிட்டதாம். என் கண்ணுக்கு அது தெரியவேயில்லை.

புறப்படும்போது, இந்தப் பாவு முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பழைய பாவின் நுனிகளை அச்சிலே விட்டுவைத்து, புதிய பாவின் இழை ஒவ்வொன்றையும் அவற்றோடு முடிந்து பிணைப்பார்களாம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முடிச்சு. முன்பெல்லாம் வீட்டுப் பெண்பிள்ளைகள் செய்வார்கள். இப்போது உம்மாவுக்குக் கண் மங்கல். பேரன் கட்டாரில். "கண்ணு நல்லாத் தெரியிற ரெண்டு புள்ளையள் இரிந்தாப் பிணைச்சிரலாம். இல்லாட்டி இதோட நிப்பாட்டுறதான்" என்றார். தறியில் இன்னும் பதினொரு சாறனுக்குப் பாவு கிடந்தது.

திங்கட்கிழமை வகுப்பிலே இதனைச் சொன்னேன். கதிர் எது என்று கேட்ட மாணவி முதலிலே கையை உயர்த்தினாள். பிறகு இன்னும் இருவர். பெற்றோரிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பதினொரு சாறன் முடிய இன்னும் மூன்று வாரம் செல்லும் என்று காக்கா ரெலிபோனில் அறிவித்திருக்கிறார்.