கிராமத்து வீட்டுக்கு இணைய இணைப்பைத் தெரிவு செய்தல்

நெல்லினம் ஒன்றைத் தெரிவு செய்யும் கமக்காரர், அயலூரில் அது நன்கு விளைந்தது என்ற காரணத்தால் மட்டும் அதனைத் தம் வயலில் விதைப்பதில்லை. நிலம் உவர் நிலமா, குளத்து நீர் எத்தனை மாதத்துக்குக் கிடைக்கும் என்பனவற்றை ஆராய்ந்த பின்னரே விதைக்கின்றார். உவர்த்தன்மையுள்ள வயலுக்கு ஏ.ரி. 354 பொருந்தும், மூன்று மாத நீரே உள்ள வயலுக்கு நான்கு மாத நெல் பொருந்தாது. வீட்டுக்கு இணைய இணைப்பைப் பெறும்பொழுதும் இம்முறையையே கைக்கொள்ளுதல் வேண்டும். பட்டினத்தில் சிறப்பாக இயங்கும் இணைப்பு வயலோரத்து வீட்டிலும் அவ்வாறே இயங்கும் எனக் கொள்ளுதல் தவறாகும்.

இணையம் இன்று கமத்தொழிற் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை எச்சரிக்கை, நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்டம், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி விலை ஆகியவற்றை வீட்டிலிருந்தே அறியலாம். மிளகாய் இலை சுருண்டால் அதனைப் படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அன்றே அனுப்பலாம். பிள்ளைகளின் கல்விக்கும் இது வேண்டப்படுகின்றது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபொழுது, அலைவலு எட்டாத கிராமங்களின் பிள்ளைகள் பாடங்களைப் பெறுவதற்காகக் குன்றுகளில் ஏற நேர்ந்தது.

இத்துணைத் தேவையான பொருளை ஆராயாது வாங்கினால் இருவகை நட்டம் உண்டாகும். பயன்படாத இணைப்புக்கு ஒப்பந்தக் காலம் முடியும்வரை பணம் செலுத்த நேரிடலாம் என்பது ஒன்று. வெள்ள எச்சரிக்கை வேண்டிய நாளிலேயே இணைப்பு இல்லாது போகலாம் என்பது மற்றொன்று.

தேவையைக் கணக்கிடல்

முதலில் வீட்டுத் தேவையைக் கணக்கிடுதல் வேண்டும். தேவை சிறிதாயின் தனி இணைப்பே வேண்டியதில்லை. விலையும் காலநிலையும் பார்த்தல், குரற் செய்தி அனுப்புதல் ஆகியவை மட்டுமே நோக்கமாயின் கைத்தொலைபேசியின் சிம் அட்டையே போதுமானது. வேண்டும்பொழுது அதனைக் கொண்டே மற்றொரு தொலைபேசிக்கும் இணையத்தைப் பகிரலாம்.

அதிக அளவைச் செலவிடுவது காணொளியாகும். சாதாரணத் தெளிவுள்ள காணொளிக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 0.7 ஜிகாபைற் செலவாகும். மிகு தெளிவுள்ளதற்கு 3 ஜிகாபைற் வரை செல்லும். உதாரணமாக, இரு பிள்ளைகள் மாதத்தில் 22 நாட்கள், நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் தனித்தனியே காணொளிப் பாடம் கற்கின்றனர் எனக் கொள்வோம். இதற்கு 62 ஜிகாபைற் வரை வேண்டும். வீட்டார் நாள்தோறும் ஒரு மணித்தியாலம் காணொளி பார்த்தால் மேலும் 21 ஜிகாபைற் ஆகும். செய்திகளுக்கும் படங்களுக்கும் 5 ஜிகாபைற்றைச் சேர்த்தால் மாதத் தேவை 88 ஜிகாபைற் ஆகும். ஆகவே இவ்வீட்டுக்கு 100 ஜிகாபைற் பக்கேஜ் பொருந்தும். 40 ஜிகாபைற் பக்கேஜ் மாத நடுவிலேயே முடிந்துவிடும்.

பகலளவு, இரவளவு எனப் பிரிக்கப்பட்ட பக்கேஜ்களும் உண்டு. நள்ளிரவின் பின்னர் மட்டுமே பயன்படும் அளவு, விடியலில் வயலுக்குச் செல்வோர் வீட்டுக்கு அதிகம் உதவாது. எனவே மொத்த அளவை மட்டும் நோக்காது, விழித்திருக்கும் நேரத்துக்குரிய அளவையே கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

வேகம் வேறு, அளவு வேறு. வாய்க்காலில் ஒரு நிமிடத்தில் ஓடும் நீர் போன்றது வேகம்; குளத்திலுள்ள நீர் போன்றது அளவு. விளம்பரங்களில் வேகம் மெகாபிற்றிற் கூறப்படும். எட்டு மெகாபிற் சேர்ந்ததே ஒரு மெகாபைற் ஆகும். ஆதலால் விநாடிக்கு 16 மெகாபிற் வேகமுள்ள இணைப்பு விநாடிக்கு 2 மெகாபைற்றையே கொண்டுவரும். சாதாரணக் காணொளிப் பாடம் ஒன்றுக்கு விநாடிக்கு 2 மெகாபிற் போதும். விளம்பரத்திற் கூறப்படும் வேகம் பெரும்பாலும் உச்ச வேகமேயன்றி நாள் முழுவதும் கிடைக்கும் வேகமன்று என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இணைப்பின் வகைகள்

செம்புக் கம்பி: பழைய தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணைப்பு இதுவாகும். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட இதன் வேகம் குறையும். ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் போதிய வேகம் கிடைப்பது அரிது. இன்று பல இடங்களில் செம்புக்குப் பதிலாக ஒளிநார் இடப்பட்டு வருவதால், புதிதாகச் செம்பிணைப்புப் பெற எண்ணுவோர் தம் பகுதிக்கு ஒளிநார் எப்பொழுது வரும் என முதலில் விசாரித்தல் வேண்டும்.

ஒளிநார்: பைபர் எனப்படும் இது, கண்ணாடி நாரினூடாக ஒளியைச் செலுத்தும் முறையாகும். நிலையத்திலிருந்து 20 கிலோமீற்றர் வரை வேகம் குன்றாது செல்லக்கூடியது. மழையாலும் மாலை நேர நெருக்கடியாலும் மிகக் குறைவாகவே பாதிக்கப்படும். வீட்டருகே வந்திருப்பின் இதுவே சிறந்தது. எனினும் தெருவோரம் இது செல்கின்றது என்பதால் வீட்டுக்கும் கிடைக்கும் என்பதில்லை. பங்கீட்டுப் பெட்டியில் இடமுண்டா, வீட்டுக்கு எத்தனை தூண்கள் வேண்டும், அவற்றின் செலவு யாருடையது என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். மரம் முறிந்து விழுந்தாலோ, வேலியோரத் தீ பற்றினாலோ நார் அறுந்துவிடும்.

கோபுர வழி இணைப்பு: கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் நான்காந் தலைமுறை அலையை ரவுட்டர் பெற்று வீட்டுக்குள் வழங்கும் முறை இதுவாகும். கிராமங்களுக்கு எளிதிற் கிடைப்பது இதுவே. இடத்துக்கு இடம் மிகவும் வேறுபடுவதும் இதுவே. தடையற்ற வெளியிற்கூட, தூரம் இரு மடங்காயின் வலு நாலிலொன்றாகும். பனங்கூடலும் நனைந்த மரச்செறிவும் வலுவை மேலுங் குறைக்கும். தகரக் கூரை வீட்டினுள்ளே அலையை வரவிடாது. கிளிநொச்சியின் சமதரை வயல்களில் தூரத்துக் கோபுரமும் பயன்படலாம். வெலிமடை, நுவரெலியா போன்ற இடங்களிலோ அருகிலுள்ள கோபுரத்தையும் ஒரு மலைமுகடு மறைத்துவிடலாம். மேலும், ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதனைச் சார்ந்த அனைவரும் பகிர்ந்து கொள்வதால், மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை வேகம் குறைவது இயல்பு.

செய்மதி இணைப்பு: கம்பியும் கோபுரமும் எட்டாத இடங்களுக்கு உரியது. ஸ்ரார்லிங்க் நிறுவனத்துக்கு 2024 ஆம் ஆண்டில் இலங்கையில் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. 2025 யூலை மாதத்திற் சேவை தொடங்கிற்று. இதன் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் இயங்குவதால், 35,786 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதிகளைப் போல மறுமொழி தாமதிப்பதில்லை. ஆயினும் தட்டுக்கு மேலே திறந்த வானம் வேண்டும். தென்னோலை மறைத்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். மின் செலவையும் கவனித்தல் வேண்டும். 75 உவாற்று எடுக்கும் கருவி இரவு பகலாக இயங்கினால் மாதத்துக்கு 54 அலகு செலவாகும். 10 உவாற்று எடுக்கும் சாதாரண ரவுட்டருக்கு ஏறத்தாழ 7 அலகே செலவாகும். வீட்டு மின் கட்டணம் அலகுப் படிகளின்படி உயர்வதால், மேலதிக 54 அலகு முழுப் பட்டியலையும் உயர்ந்த படிக்குக் கொண்டு செல்லக்கூடும்.

வீட்டிலேயே சோதித்தல்

கோபுர வழி இணைப்பைப் பெற விரும்புவோர் பணம் செலுத்துமுன் தம் வீட்டிலேயே சோதித்தல் இன்றியமையாதது. வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை அயலவரிடமோ உறவினரிடமோ இரவல் பெற்று, ஒரே தொலைபேசியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். காலை, நண்பகல், இரவு எட்டு மணி ஆகிய மூவேளையிலும், ஒரு கிழமைக்கு வேகத்தை அளந்து கொப்பியில் எழுதுதல் வேண்டும். அறையிலும் விறாந்தையிலும் தனித்தனியே அளத்தல் நன்று. தெரிவுக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டியது இரவு எட்டு மணி அளவையேயாகும். காலை அளவை நம்பியவர் மாலைப் பாடவேளையில் ஏமாறுவர்.

பெரும்பாலான தொலைபேசிகளில் அலைவலுவை எண்ணாகவும் காணலாம். அது கழித்தற்குறியுடன் காட்டப்படும். பூச்சியத்துக்கு நெருங்கிய எண்ணே நல்லது. நான்காந் தலைமுறை அலைக்கு, கழித்தல் 85 அளவில் இருப்பின் நன்று. கழித்தல் 100 நடுத்தரம். கழித்தல் 115 மிகவும் நலிந்தது. இவ்வெண்ணில் 10 வேறுபாடு வலுவில் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். அறையில் கழித்தல் 112 ஆகவும் கூரைமுகட்டருகே கழித்தல் 95 ஆகவும் காணப்படின், வெளியே உயரத்திற் பொருத்தும் அலைவாங்கி பயன்தரும். இரண்டிடத்திலும் ஒரே அளவாயின் அதற்குச் செலவிடுதல் வீண்.

வீட்டு ரவுட்டரும் கைத்தொலைபேசியும் வெவ்வேறு அலைவரிசைகளைப் பயன்படுத்தக்கூடும். ஆதலால் நிறுவனத்தின் முகவரை ரவுட்டருடன் வீட்டுக்கு வரவழைத்து, அதனை இயக்கிப் பார்த்த பின்னரே ஒப்பமிடுதல் வேண்டும்.

மின்னலும் மின்தடையும்

பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் அதிகம். செம்புக் கம்பி மின்னலின் வேகத்தை நேரே வீட்டுக்குட் கொண்டுவரும். ஒளிநாரின் கண்ணாடி மின்னைக் கடத்தாதெனினும், அதன் ரவுட்டர் மின்செருகியில் இணைந்திருப்பதால் அதுவும் எரியக்கூடும். எனவே இடி கேட்குமுன்னரே, வானம் இருண்டதும், செருகியைக் கழற்றுதல் வேண்டும். இடி முழங்கத் தொடங்கியபின் கம்பிகளைத் தொடலாகாது.

2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதைக் கமக்காரர் மறந்திரார். ரவுட்டருக்குச் சிறு பற்றரி ஒன்றைப் பொருத்தினால் சில மணித்தியாலம் இணைப்பைக் காக்கலாம். எனினும் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிட்டால் எந்த ரவுட்டரும் பயன்படாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பல மாவட்டங்களில் தொலைத்தொடர்பு தடைப்பட்டது. ஆதலால் வீட்டு இணைப்பு ஒரு நிறுவனத்தினதாயின், கைத்தொலைபேசிச் சிம் மற்றொரு நிறுவனத்தினதாக இருத்தல் நன்று. பற்றரி வானொலி ஒன்றையும் வீட்டில் வைத்திருத்தல் வேண்டும்.

ஒப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

1. வரிகள் உட்பட மாதக் கட்டணம் எவ்வளவு? தொடக்கத்திற் செலுத்துவது எவ்வளவு?

2. ஒப்பந்தக் காலம் எத்தனை மாதம்? இடையில் நிறுத்தினால் தண்டப்பணம் உண்டா?

3. ரவுட்டர் கமக்காரருக்குச் சொந்தமா, நிறுவனத்துக்குச் சொந்தமா? மின்னலாற் பழுதானால் மாற்றிக் கொடுப்பவர் யார்?

4. குறித்த அளவு முடிந்தபின் இணைப்பு நிற்குமா, வேகம் குறையுமா, மேலதிகக் கட்டணம் ஏறுமா?

5. தோட்டத்துக் கொட்டிலுக்கோ வேறு வீட்டுக்கோ ரவுட்டரைக் கொண்டு செல்ல அனுமதி உண்டா?

6. பழுது ஏற்படின் எத்தனை நாட்களுக்குள் திருத்துவர்? அந்நாட்களுக்குக் கட்டணம் கழிக்கப்படுமா?

இவற்றின் விடைகளை எழுத்திற் பெறுதல் வேண்டும். முகவரின் வாய்ச்சொல் போதாது. முடியுமாயின், மாதக் கட்டணம் சிறிது கூடினாலும், ஒப்பந்தமில்லாத முற்கொடுப்பனவு முறையில் இரண்டு மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்தல் நன்று. அறுவடைப் பணம் கைக்கு வந்த கிழமையில் ஓராண்டுக் கட்டணத்தை ஒன்றாகச் செலுத்துவது, இணைப்பின் தன்மை தெரிந்தபின் செய்யத்தக்கதேயன்றி முதலாம் மாதத்திற் செய்யத்தக்கதன்று.

குறைபாடு இருப்பின் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். தீர்வு கிடைக்காவிடின் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். ஒரு கிழமை வேகத்தை எழுதிய கொப்பி அப்பொழுது நல்ல சான்றாக உதவும்.

இணைப்புக் கிடைக்கும்வரையும், கிடைத்தபின் அது தடைப்படும் வேளையிலும், விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்குச் சாதாரணத் தொலைபேசியிலேயே அழைத்துப் பயிர் பற்றிய ஆலோசனையைப் பெற்றுக்கொள்ளலாம்.