9 மணி நேரம் 13 ஆன கதை

பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோ சுமார் 7,800 கி.மீ. 2022 தொடக்கம் வரை பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்னேரின் விமானத்தில் ஏறியவர்கள் ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய் இறங்கினார்கள். அந்த மார்ச் மாதத்திலிருந்து அதே பயணத்துக்கு 13 மணி நேரம் பிடிக்கிறது. விமானம் என்னவோ அதே ஏர்பஸ் ஏ350தான்.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூடின. பிப்ரவரி 28 அன்று 36 நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்யா பதிலுக்குக் கதவடைத்தது. உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும்: நூல் கிட்டத்தட்ட முழுக்க ரஷ்யாவின் மேலேயே கிடக்கும். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தை நம்பினால் கஜகஸ்தான், மங்கோலியா வழியாகத்தான் குறுக்குவழி போகிறது என்று தோன்றும். வகுப்பறை வரைபடங்கள் செய்யும் பழைய வம்பு இது.

மிஞ்சியவை இரண்டு சுற்றுவழிகள். தெற்கே காக்கசஸ், கஜகஸ்தான், சீனா, கொரியா. வடக்கே நார்வே, ஸ்வால்பார்ட் தீவுகள், வட துருவம், அலாஸ்கா, பிறகு பசிபிக். வடவழி மட்டும் ஏறக்குறைய 13,000 கி.மீ. எந்த வழி என்பதைப் பெரும்பாலும் அன்றைய காற்று முடிவு செய்யும்.

துருவத்தின் மேல் பறப்பதில் தனிக் கவலைகள் உண்டு. ஜெட் எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். வெளியே அதைவிடக் கடுங்குளிர் இருக்கலாம். டேங்கில் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் உயரத்தைக் குறைப்பார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். அவசரத்துக்கு இறங்க ஓடுதளங்களும் அங்கே அபூர்வம். பயணிகளுக்கோ துருவத்தைக் கடந்ததற்கு ஒரு சான்றிதழும் ஸ்டிக்கரும் கிடைக்கின்றன. கூடுதலாக நான்கு மணி நேரம் உட்கார்ந்ததற்கு அது போதுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஃபின்னேர் நிறுவனத்துக்கு விழுந்த அடி இன்னும் பெரிது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குப் போகும் குறுக்குவழியில் ஹெல்சிங்கி அமைந்திருந்ததுதான் அதன் வியாபாரத்துக்கே ஆதாரம். ஒருவழிக்கு ஒன்பது மணி நேரம் என்றால், ஒரே விமானம் ஆசியாவுக்குப் போய்ப் பயணிகளை இறக்கி, ஏற்றி, 24 மணி நேரத்துக்குள் ஹெல்சிங்கி திரும்பிவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி கிளம்பும். ஒருவழிக்கே 13 என்றானபோது அந்தக் கணக்கு உடைந்தது. எரிபொருளும் விமானிகளும் கூடுதலாகத் தேவைப்பட்டதோடு, அட்டவணையே குலைந்தது. 2022-லேயே டாலஸ், சியாட்டில் என்று ஃபின்னேர் அமெரிக்கா பக்கம் புது வழிகளைத் திறந்தது.

வடவழி அந்த நிறுவனத்துக்குப் புதிதல்ல. சோவியத் வான்வெளி எளிதில் கிடைக்காத 1983-இல், பெரும்பாலான ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் டோக்கியோ போயின. அந்த ஏப்ரலில் டிசி-10 விமானத்தை எங்கும் நிறுத்தாமல் துருவம் வழியாக ஓட்டியது ஃபின்னேர். அன்றைக்கும் பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம்தான்.

சீன விமான நிறுவனங்களுக்கு ரஷ்யாவின் தடை கிடையாது. ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையே அவை இன்னமும் சைபீரியாவின் மேல் குறுக்கே பறக்கின்றன. சுற்றிப் போகும் ஐரோப்பிய விமானங்களுக்கு முன்பே போய்ச் சேர்கின்றன.