இசைத்தட்டின் மறுபக்கம்

'ஹேக்கர்' என்றதும் கணினித் திருடன் என்றே பலரும் எண்ணுவர். பூட்டின் குறையைத் திருடனுக்கு முன்பே கண்டு, வீட்டாரை எச்சரிப்பவரும் ஹேக்கரே.

இத்தகையோர் கூடும் 'பிளாக் ஹாட்' மாநாடு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. கட்டணமோ மிக அதிகம். 2009-இல் அங்கு உரையாற்ற விரும்பிய பலருக்கு, தரமிருந்தும் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் கண்ட குறைகளைக் கேட்பாரில்லை என்றால், அவற்றைத் திருத்துவார் யார்? ஆகவே ஆர்வலர் சிலர், அதே நகரில், ஒரு வீட்டிலேயே இலவச மாநாடு நடத்தினர். அதன் பெயர் 'பி-சைட்ஸ்'. இசைத்தட்டின் முதற்பக்கத்தில் பெயர்பெற வேண்டிய பாடல், மறுபக்கத்தில் மற்றொன்று. (சில வேளைகளில் அதுவே அதிகம் இனிக்கும்!)

இன்று பல நாடுகளில், அவ்வவ்வூர்த் தொண்டர்களே இதை நடத்துகின்றனர். நுழைவு இலவசம், அல்லது சிறு கட்டணம். நிறுவனங்கள் நன்கொடை தருகின்றன. நாற்காலி போடுவது தொண்டர்கள்தாம்.