ரங்கூன் வீழ்ந்ததும் செங்கல்பட்டு அடுப்பும்

இரண்டாம் உலகப்போர் தமிழில் எழுதப்படும்போது சிங்கப்பூரின் வீழ்ச்சியும் பர்மாக் காடுகளும் இந்திய தேசிய இராணுவமும் விரிவாகப் பேசப்படுகின்றன; போர்க்களமாகாமலே அந்தப் போரைச் சுமந்த செங்கல்பட்டு மாவட்டத்து வீடுகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதியையும் சென்னையின் புறநகர்களையும் உள்ளடக்கியிருந்தது. அதன் தலைமையிடம் சைதாப்பேட்டை. அங்கு வாழ்ந்த குடும்பங்களுக்குப் போர் அரிசிப் பானை, விளக்கெண்ணெய், சில்லறைக் காசு ஆகியவற்றின் வழியாகவே வந்து சேர்ந்தது என்பதும், அது வந்து சேர்ந்தபோது அவர்கள் முறையிடுவதற்கு அவர்களுடைய வாக்கினால் அமைந்த அரசு ஒன்று இருக்கவில்லை என்பதும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டியவை.

1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் எவரையும் கலந்தாலோசிக்காமல் இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். அதை ஏற்க மறுத்த காங்கிரஸின் முடிவுப்படி சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 93ஆவது பிரிவு, அமைச்சரவை இயங்க முடியாத நிலையில் மாகாண நிர்வாகம் முழுவதையும் ஆளுநரே ஏற்றுக்கொள்ள இடமளித்தது. அதன்படி தொடங்கிய ஆளுநர் ஆட்சி 1946 ஏப்ரல் வரை, அதாவது போர் முடிந்த பிறகும், நீடித்தது. பதவி விலகியது கொள்கை நோக்கில் நேர்மையான செயலே ஆனாலும், அரிசி விலையை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்குச் சைதாப்பேட்டைக் கலெக்டர் அலுவலகத்தைத் தவிர வேறு விடை இல்லாத நிலையை அது உண்டாக்கியது என்பதையும் மறுக்க முடியாது.

1942 மார்ச் 8 அன்று ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. மாமல்லபுரக் கடற்கரைக்கும் அந்நகருக்கும் இடையே வங்காள விரிகுடா ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடந்தாலும், பர்மா அரிசி ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்ததால், சென்னை மாகாணத்துக்கு அந்த வீழ்ச்சி பக்கத்து ஊரில் கரை உடைந்ததைப் போன்றது. அதே மார்ச் 8 அன்றுதான் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணாவின் ‘திராவிட நாடு’ இதழும் வெளிவரத் தொடங்கியது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை. எனினும் உலகப்போரின் நடுவே உள்ளூர் அரசியல் ஓய்ந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அடுத்த மாதமே அச்சம் கரையைத் தொட்டது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னையில் கட்டாயம் இருக்க வேண்டியவர்கள் அல்லாதோர் வெளியேறலாம் என்று அரசு அறிவுறுத்தியது. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. எழும்பூரிலிருந்து தெற்கே சென்ற அன்றைய மீட்டர் கேஜ் பாதையில் செங்கல்பட்டே சந்திப்பு நிலையம். அரக்கோணத்துக்குக் கிளைப் பாதையும் அங்கிருந்துதான் பிரிகிறது. ஆகவே தெற்கு மாவட்டங்களுக்கு இரயிலில் சென்ற நகரத்துக் குடும்பங்கள், பெட்டி படுக்கையோடு செங்கல்பட்டைக் கடந்தே போக வேண்டியிருந்தது.

இந்தப் பதற்றத்தின் நடுவில், ஏப்ரல் 23 அன்று, சென்னை சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி இராஜாஜியின் முன்முயற்சியில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று உடன்பாடு காண வேண்டும் என்பது ஒன்று. சென்னையில் மக்களுக்குப் பொறுப்பான அமைச்சரவை மீண்டும் அமைய வேண்டும் என்பது மற்றொன்று. அகில இந்தியக் காங்கிரஸ் இவற்றை நிராகரித்தது. ஜூலையில் இராஜாஜி காங்கிரஸிலிருந்து விலகினார். முதல் தீர்மானம் இன்றும் விவாதிக்கப்படுகிறது. இரண்டாவது மறக்கப்பட்டுவிட்டது, ஆனால் பகை வாசலில் நிற்கும்போது மக்களுக்குத் தங்களுடைய அரசு வேண்டும் என்ற அந்த வாதமே வீடுகளின் தேவைக்கு நெருக்கமாக இருந்தது.

வீடுகளில் நடந்தது என்ன? செங்கல்பட்டு ஏரிப் பாசன மாவட்டம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகத்துக்குப் போகம் ஏரித் தண்ணீரை நம்பியே நெல் விளைந்தது. விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒதுக்கியது போக மிஞ்சிய நெல்லை அரசு குறித்த விலைக்கு உழவர் விற்க வேண்டும் என்ற கொள்முதல் முறை வந்தது. 1943இல் சென்னை நகரில், குடும்ப அட்டைக்கு இவ்வளவு என அளந்து கொடுக்கும் பங்கீட்டு முறை தொடங்கியது. அதே ஆண்டில் வங்காளப் பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. சென்னை மாகாணத்தில் அந்த அளவுக்குப் பேரழிவு நேராமைக்கு இந்த ஏற்பாடுகள் ஒரு காரணம். ஆனாலும் அரிசிச் சோற்றுக்குப் பழகிய வீடுகளில் கேழ்வரகும் கம்பும் கூடுதலாக உலையேறின. சமைக்கத் தெரியாத கோதுமையும் வந்து சேர்ந்தது.

விளக்கின் கதையும் இதேதான். பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பர்மாவின் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தானே அழித்துவிட்டுச் சென்றதால் மண்ணெண்ணெய் அருகியது. கிராமங்கள் ஆமணக்கெண்ணெய் அகல்களுக்குத் திரும்பின. உலோகம் போருக்குத் தேவைப்பட்டதால் காசும் மெலிந்தது. 1943இல் வெளியான ஓட்டைக் காலணா, நடுவில் பெரிய வட்டத் துளையோடு, ஒரு மோதிரத்தைப் போலக் கையில் கனமில்லாமல் இருந்தது; துளையிட்டதன் நோக்கமே வெண்கலத்தை மிச்சப்படுத்துவது.

பெட்ரோல் கட்டுப்பாட்டால் சாலையில் கரி பஸ்கள் ஓடின. பஸ்ஸின் பின்புறத்தில் பொருத்திய உயரமான உருளைக்குள் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுழற்றிக் காற்றை ஊதினால், போதிய காற்றின்றி எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு கலந்த எரிவாயு உண்டாகும். அதுவே பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினை ஓட்டியது. கோவளம், மாமல்லபுரம் வழியே மரக்காணம் வரை செல்லும் பக்கிங்காம் கால்வாய்க்கோ எந்த எரிபொருளும் தேவைப்படவில்லை. கரையோரத் தோப்புகளின் சவுக்குக் கட்டைகளையும் உப்பளங்களின் உப்பையும் ஏற்றிய படகுகள், காற்று வீசும்போது பாயாலும், வீசாதபோது கோலூன்றியும் கரையில் நடப்போர் கயிறு கட்டி இழுத்தும் சென்னைக்குச் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பஞ்ச காலத்தில் வேலையற்றோருக்குக் கூலி தந்து நீட்டிக்கப்பட்ட அந்த நீர்வழி, மற்றொரு பஞ்ச காலத்தில் நகரத்தின் அடுப்பெரியத் துணைநின்றது. அது இன்று சாக்கடையாகக் கிடப்பதைப் பொருளாதாரத் தேவை இல்லாமற்போனதன் விளைவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

கட்சிகளின் நிலை பலவாறாகப் பிரிந்திருந்தது. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தோடு காங்கிரஸ் தலைவர்கள் சிறைப்பட்டனர். நீதிக்கட்சி போர் முயற்சியை ஆதரித்தது. சோவியத் ஒன்றியம் தாக்கப்பட்ட பிறகு கம்யூனிஸ்டுகள் இதை மக்கள் யுத்தம் என்றனர். இவற்றுக்கிடையே உருப்படியாக எழுந்து நின்றது பூண்டி நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி நகரத்தின் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க விடாது போராடியதன் பயனாக, கொசத்தலையாற்றின் குறுக்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள், 1940இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. போரின் நடுவிலேயே, 1944இல், பணி முடிந்தது. சிறைவாசத்தில் உடல்நலம் குலைந்த சத்தியமூர்த்தி 1943 மார்ச்சில் மறைந்ததால் அதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. போர்க் காலத்துப் பேச்சுகளும் தீர்மானங்களும் மறைந்தாலும் பூண்டித் தண்ணீர் இன்றும் சென்னைக்கு வருகிறது; அந்தத் தலைமுறை அரசியலில் சாதாரண வீட்டுக்கு மிகுந்த பயன் தந்த செயல் எது என்றால் அதையே சொல்ல வேண்டும்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. 1946 ஏப்ரல் 30 அன்று பிரகாசம் தலைமையில் அமைச்சரவை பதவியேற்றது. அதற்குப் பின்னும் உணவுக் கட்டுப்பாடு தொடர்ந்தது; 1952 ஜூன் மாதத்தில்தான், மீண்டும் முதலமைச்சராகியிருந்த இராஜாஜி, அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார்.